ஊரும் பேரும் இழந்தோர்: வணிகத்திற்குக் கடத்தப்பட்ட பெண்களின் மறுவாழ்வு – கொச்சியும் சென்னையும்

தோற்றுவாய்

கடத்தல் என்னும் சொல் தமிழில் பொருளுக்கும் ஆளுக்கும் பொதுவாக வழங்குகின்றது. தங்கமும் கடத்தப்படுகிறது, பெண்ணும் கடத்தப்படுகிறாள். சுங்க அலுவலர் கைப்பற்றிய தங்கம் கருவூலம் சேர்ந்ததும் அதன் கதை முடிந்துவிடும். மீட்கப்பட்ட பெண்ணின் கதையோ மீட்பு நாளில்தான் தொடங்குகின்றது. அவள் எந்த ஊருக்குத் திரும்புவாள், எந்தப் பெயரால் அழைக்கப்படுவாள், எதனைக்கொண்டு உயிர்வாழ்வாள் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணாத மீட்பு, ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றியதாகவே அமையும்.

பாலியல் வணிகத்திற்கெனப் பெண்களும் சிறுமியரும் விற்கப்படுவதைத் தடுப்பது குறித்த சட்டங்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகுதி. மீண்டவர்கள் சமூகத்தோடு மீண்டும் சேர்ந்த வரலாறு, அல்லது சேர இயலாமற்போன வரலாறு, அவ்வளவாக எழுதப்படவில்லை. இக்கட்டுரை அவ்வரலாற்றின் சில கட்டங்களைக் கொச்சி மட்டாஞ்சேரியையும் சென்னையையும் களமாகக்கொண்டு நோக்குகின்றது. மீண்ட பெண்ணை அவளுடைய கடந்தகால அடையாளத்தினாலேயே குறித்து வைத்த ஏற்பாடுகள் அவளைக் காவலில் வைத்தன. அவ்வடையாளத்தைக் கேளாமல் நிலத்தையோ கல்வியையோ தொழிலையோ அளித்த ஏற்பாடுகளே அவளை ஊரோடு சேர்த்தன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். கோயிற்பணிக்கு உரியவராயிருந்த தேவரடியார் மரபும் பாலியல் வணிகமும் ஒன்றல்ல. லெஸ்லி ஓர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், சோழர்காலக் கோயிற்பெண்டிரைக் கொடையாளராகவும் உரிமையுடையவராகவும் கல்வெட்டுவழி நிறுவியுள்ளது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறுமியரை விலைக்கு வாங்கித் தத்தெடுத்துப் பொட்டுக்கட்டும் வழக்கம் இரண்டையும் பிணைத்துவிட்டிருந்தது. பருவமெய்தாப் பெண்ணை விபசாரத்தின்பொருட்டு விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கிய 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகள் (372, 373) பொட்டுக்கட்டு வழக்குகளிலும் பயன்படுத்தப்பட்டன. மறுவாழ்வு பற்றிய தமிழ்நாட்டுச் சிந்தனை இந்தப் பிணைப்பிலிருந்தே தோன்றியதாதலின் இங்கு இரண்டும் சேர்த்துப் பேசப்படுகின்றன.

கல்லெழுத்தும் காப்பியமும்

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டிரின் பட்டியலைத் தருகின்றது. ஒவ்வொருவரும் எந்த ஊரின் எந்தத் தளியிலிருந்து கொணரப்பட்டவர், அவர் பெயர் யாது, தளிச்சேரியின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவருடையது என்பவை வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இப்பெண்டிர் தம் விருப்பத்தால் தஞ்சைக்கு வந்தனரா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. சொல்லும் நோக்கமும் அதற்கில்லை. எனினும் இடம்பெயர்க்கப்பட்ட பெண்ணுக்கு ஊரும் பேரும் வீடும் பங்கும் சேர்த்து எழுதப்பட்ட ஆவணம் அது. பின்வரும் நூற்றாண்டுகளின் ஆவணங்களோடு ஒப்பிடும்போது இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து போவதைக் காணலாம்.

காப்பியத்தில் மறுவாழ்வு வினாவை நேர்முகமாக எழுப்புவது மணிமேகலை. சித்திராபதி தன் பேர்த்தியைக் குலத்தொழிலுக்குத் திருப்ப முயல்கிறாள், மாதவி மறுக்கிறாள். ஊரலருரைத்த காதையில் மாதவி கூறும் மறுப்பின் வடிவம் ஊன்றி நோக்கத்தக்கது. தன் வயிற்றில் பிறந்த மணிமேகலையை அவள் கண்ணகியின் மகள் என்கிறாள். குலத்தொழிலிலிருந்து விடுவிப்பதற்கு முதற்படியாகத் தாய்ப்பெயரையே மாற்ற வேண்டியிருந்தது. அதன் பின்னரும் மணிமேகலையால் தன் சொந்த உருவில் புகார் நகரத்துத் தெருவில் நடமாட இயலவில்லை. உதயகுமரனுக்கு அஞ்சிக் காயசண்டிகையின் வடிவம் கொண்டே அவள் அமுதசுரபியை ஏந்துகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் பெருஞ்செயலும் அந்த மாற்றுருவிலேயே நிகழ்கின்றது. துறவின் பெருமையைச் சொல்வதாகவே இப்பகுதியை உரையாசிரியர் பலரும் கண்டனர். மீண்டு வந்த பெண் தன் முகத்தோடு ஊருக்குள் வர இயலாத நிலையைச் சொல்வதாகவும் அதனைக் காண இடமுண்டு.

மட்டாஞ்சேரியின் எல்லைக்கோடு

கொச்சியை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றி 1795 வரை வைத்திருந்தது. அக்காலத்துக் கொச்சி ஆவணங்களுள் பெரும்பகுதி இன்று சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றது. கேரளக் கடற்கரையின் வரலாற்றுக்குத் தமிழ்நாட்டில் சான்று தேட வேண்டியிருப்பது ஆய்வாளர் நன்கறிந்த செய்தியே. அவ்வாவணங்களுள் அடிமை விற்பனைப் பத்திரங்களும் உள்ளன. விற்பவர், வாங்குபவர், விலை, விற்கப்படுபவரின் வயது, சாதி முதலியன அவற்றில் இடம்பெற்றுள்ளன. மத்தியாஸ் வான் ரோசும் முதலிய டச்சு வரலாற்றாசிரியர்கள் இப்பத்திரங்களைத் தொகுத்து ஆராய்ந்துள்ளனர். சிறுவரும் சிறுமியரும் விற்கப்பட்டோரில் அடங்குவர்.

கப்பலேற்றப்பட்டவர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் நன்னம்பிக்கை முனைக்கும் சென்றனர். அங்கு அவர்களுக்குப் புதிய பெயர் இடப்பட்டது. பிறந்த ஊரோ கப்பலேறிய துறையோ அப்பெயரின் பின்னொட்டாயிற்று. ‘மலபாரின் இன்னாள்’, ‘கொச்சியின் இன்னாள்’ என்னும் அமைப்பு அது. தஞ்சைக் கல்வெட்டிலும் ஊரும் பேரும் உண்டு. ஆனால் இங்கு ஊர்ப்பெயர் உரிமையைக் குறிக்கவில்லை, சரக்கின் பிறப்பிடத்தைக் குறித்தது. கேப்டவுனில் 1679இல் கட்டப்பட்ட கம்பெனி அடிமைக் கொட்டகை, மாலை நேரங்களில் மாலுமிகளும் படைவீரர்களும் சென்றுவரும் விபசார விடுதியாகவும் விளங்கியது. அங்கு அடைக்கப்பட்டிருந்தோரில் தென்னிந்தியாவிலிருந்து சென்ற பெண்களும் இருந்தனர். விடுதலை பெற்ற சிலர் அந்நாட்டிலேயே மணந்து குடும்பமாயினர். கொச்சிக்குத் திரும்புவது அவர்கள் எண்ணக்கூடிய வழியாக இருக்கவில்லை.

டச்சுக்காரருக்குப்பின் கொச்சி நகரம் இரு அரசுகளின்கீழ் இருந்தது. கடலை ஒட்டிய கோட்டைக் கொச்சி ‘பிரிட்டிஷ் கொச்சி’யாகச் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் சேர்ந்தது. அதனை அடுத்த மட்டாஞ்சேரி கொச்சி அரசருக்கு உரியதாயிற்று. போர்ச்சுக்கீசியர் 1555இல் கட்டிக்கொடுத்த அரண்மனையும், 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகையகமும், கொங்கணியர், குஜராத்தியர், தமிழர் எனப் பல மொழியினர் வாழும் தெருக்களும் கொண்ட வணிக நகர் அது. இரண்டுக்குமிடையே ஆறோ மலையோ இல்லை. தெருவில் நடந்துசெல்பவர் ஓர் அரசிலிருந்து இன்னோர் அரசுக்குள் புகுந்துவிடுவார்.

இந்த எல்லைக்கோட்டின் பொருளைச் சட்ட வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பை நீக்கிய 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் கோட்டைக் கொச்சிக்குப் பொருந்தியது, மட்டாஞ்சேரிக்குப் பொருந்தவில்லை. கொச்சி அரசின் விடுதலை அறிவிப்பு 1854இல்தான் வந்தது. பதினோராண்டுக் காலம், அடுத்தடுத்த தெருக்களில் ஒரே மனிதர் ஒருபுறம் உடைமையாகவும் மறுபுறம் உடைமையல்லாதவராகவும் இருந்திருக்க முடியும். சென்னைச் சட்டமன்றம் 1930இல் விபசார வணிகத்திற்கு எதிராக இயற்றிய சட்டமும், 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்த சட்டமும் மாகாண எல்லையோடு நின்றன. மட்டாஞ்சேரித் தெருவுக்குள் அவை நுழைய இயலாது. திருவிதாங்கூரும் கொச்சியும் 1949இல் இணைந்த பின்னரும் கோட்டைக் கொச்சி சென்னை மாநிலத்திலேயே இருந்தது. 1956 நவம்பரில் கேரளம் உருவானபோதுதான் இரண்டும் ஒரே மாநிலமாயின. கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் ஒரே மாநகராட்சியானது 1967இல். கடத்துவோருக்கு எல்லை என்பது தப்பும் வழி. மீண்டு வருபவருக்கு அதே எல்லை சுவராகிறது. எந்த அரசு அவளுக்குப் பொறுப்பு என்னும் வினா எழும் இடமெல்லாம் மட்டாஞ்சேரி எல்லைக்கோடுதான். சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையே அதே கோடு பின்னர்த் தோன்றியதைக் கீழே காண்போம்.

நிலம், பள்ளி, மணம்

சென்னை மாகாணத்தில் மறுவாழ்வு குறித்து முழுமையான சிந்தனை 1927இல் தொடங்குகிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்டமன்றத்தின் முதற் பெண் உறுப்பினராகிப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தை அவ்வாண்டில் கொணர்ந்தார். அவருடைய தாயார் இசைவேளாளர் மரபினர். எனவே அவர் பேசியது புறத்தே நின்று நோக்கிய சீர்திருத்தவாதியின் பேச்சன்று.

பரவலாகப் பேசப்படுவது 1947ஆம் ஆண்டுச் சட்டம். மறுவாழ்வு நோக்கில் அதனினும் முதன்மையானது 1929ஆம் ஆண்டுத் திருத்தமே. இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 44-அ என்னும் பிரிவு அதனால் சேர்க்கப்பட்டது. கோயிற்பணிக்காகத் தேவதாசியர் அனுபவித்துவந்த மானிய நிலங்களிலிருந்து பணி என்னும் நிபந்தனை அப்பிரிவால் நீக்கப்பட்டது. அதுவரை கோயிலை விட்டு விலகும் பெண் தன் நிலத்தையும் விட்டு விலக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாதவள் மகளுக்கும் பொட்டுக்கட்டியே நிலத்தைக் காத்தாள். நிபந்தனை நீங்கியதும் அவள் விலகலாம்; நிலம் அவளிடமே இருக்கும். தண்டனையைப் பேசாமல் பிழைப்பைப் பேசிய சட்டம் என்னும் வகையில் இந்தியச் சீர்திருத்தச் சட்டங்களுள் இதற்குத் தனி இடம் உண்டு. விலகுவதற்கான விலையை அப்பெண் தன் வயிற்றிலிருந்து கொடுக்கக் கூடாது என்பதை அது உணர்ந்திருந்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. பெண்வழியே இறங்கிய சொத்துரிமை இச்சீர்திருத்தங்களுக்குப்பின் ஆண்கள் கைக்கு மாறியது என்பதை அம்ரித் ஸ்ரீனிவாசன் 1985இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. சென்னையின் தேவதாசியர் தாமே சங்கம் அமைத்து 1927இல் எதிர்ப்பு மனு அளித்ததும் மறக்கத்தக்கதன்று. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் அவ்வெதிர்ப்பில் முன்னின்றனர். தங்களை விபசாரத்தோடு ஒன்றாக்கிப் பெயரிடுவதை அவர்கள் மறுத்தனர். தடைக்கு மாற்றாகக் கல்வியைக் கேட்டனர். அவர்களைப் பழமைவாதிகள் என ஒதுக்கிவிடுவது பிற்காலத்தார்க்கு எளிதாயிற்று. மறுவாழ்வு பெறவேண்டியவர் எனக் கருதப்பட்ட பெண்களிடம் அவர்தம் விருப்பத்தைக் கேட்கும் வழக்கம் இன்றளவும் முழுதாக வேரூன்றவில்லை என்பதை எண்ணும்போது அம்மனுவின் அருமை விளங்கும்.

சட்டத்தால் நிலம் பெறக்கூடியவர் மானியம் உடையவர் மட்டுமே. மானியமில்லாத குடும்பங்களின் சிறுமியர்க்கு வேறு வழி தேவைப்பட்டது. தேவதாசிக் குடும்பத்துப் பெண்ணென அறிந்தால் மாணவியர் விடுதிகள் இடம்தர மறுத்த காலம் அது. அத்தகைய சிறுமியரை முத்துலட்சுமி தம் வீட்டிலேயே தங்கவைத்தார். 1930ஐ ஒட்டி அவ்வீட்டிலிருந்து ஒளவை இல்லம் தோன்றிப் பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது.

இல்லத்தின் பெயரே அதன் கொள்கையைச் சொல்லிவிடுகிறது. தாய்வழிப் பெயரும் குலப்பெயரும் தழும்பாகிவிட்ட குழந்தைகளுக்கு, மணத்தாலோ மரபாலோ அன்றித் தன் புலமையால் அறியப்பட்ட மூதாட்டியின் பெயர் கூரையாயிற்று. அதனினும் முக்கியமானது சேர்க்கை முறை. இல்லம் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமியர்க்கென்றே ஒதுக்கப்படவில்லை. பெற்றோரை இழந்தவரும் ஆதரவற்றவரும் பல சாதியினரும் ஒரே கூரையின்கீழ்ப் படித்தனர். இல்லத்துச் சிறுமி என்றால் எத்தகைய பின்னணியினள் என வெளியார் ஊகிக்க இயலாது. பள்ளியும் ஆசிரியப் பயிற்சியும் இணைந்து வளர்ந்தபோது, ‘மீட்கப்பட்டவள்’ என்னும் பெயர் ‘ஆசிரியை’ என்னும் பெயருக்கு வழிவிட்டது.

மூன்றாவது விடை சுயமரியாதை இயக்கத்திலிருந்து வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) சிறு வயதில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி ஒருவரிடம் விற்கப்பட்டவர் என அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். இன்றைய சட்டச் சொல்லில் அவர் கடத்தலிலிருந்து மீண்டவர். முதியவர் ஒருவருக்கு மணம்முடிக்கும் ஏற்பாட்டை மறுத்துத் தம் இசையாசிரியரான சுயம்புப் பிள்ளையை மணந்தார். 1925இல் மயிலாடுதுறையில் கூடிய இசைவேளாளர் மாநாட்டிலும் பின்னர்ச் சுயமரியாதை மேடைகளிலும் பொட்டறுப்பையும் திருமணத்தையும் வலியுறுத்தினார். 1936இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் அவருடைய நாவல், விற்றவர், வாங்கியவர், தரகர், செல்வந்தர், சாத்திரம் ஓதியவர் ஆகிய எல்லாரையும் ஒரே வலையின் கண்ணிகளாகக் காண்கிறது. எஸ். ஆனந்தியின் 1991ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின்னரே ஆய்வுலகம் இந்நாவலைப் பரவலாகக் கவனித்தது. தமிழ் நாவல் வரலாறுகள் பல அதுவரை அதனைக் குறிப்பிடாமலே சென்றன.

அம்மையார் கண்ட மணம், பெண் தன் இணையைத் தானே தேர்ந்துகொள்ளும் மணம். அரசுகளின் கையில் அதே விடை உருமாறியது. தமிழ்நாட்டில் 1989இல் அவர் பெயரால் தொடங்கப்பட்ட திட்டம் திருமண நிதியுதவித் திட்டமே. குறிப்பிட்ட வகுப்புவரை மணமகள் படித்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அதில் இருந்தது. 2022இல் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதாயிற்று. மணத்திலிருந்து கல்விக்கு வர முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின. தேவதாசியர் 1927இல் தம் மனுவில் கேட்டதும் கல்வியே.

காப்பகம்

ஒளவை இல்லம் ஒரு வழி. அரசு தேர்ந்தது பெரும்பாலும் மற்றொரு வழி. 1930ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் விபசார விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட சிறுமியரைக் காப்பில் வைக்க ஏற்பாடு செய்தது. சென்னையில் விஜிலன்ஸ் சங்கத்தார் நடத்திய ஸ்திரீ சதனம் இப்பணியை மேற்கொண்டது. இந்தியா 1950இல் கையெழுத்திட்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஒட்டி, 1956இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 1986இல் திருத்தப்பட்டு இன்றும் வழக்கிலிருப்பது அதுவே. மக்கள் வழக்கில் அது விபசாரத் தடுப்புச் சட்டம்.

அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு மீள்சேர்ப்புக்குரியது. மீட்கப்பட்டவரைக் குற்றவியல் நடுவர்முன் நிறுத்த வேண்டும். அவருடைய வயது, பின்னணி, பெற்றோர் அல்லது கணவர் அவரைப் பொறுப்பேற்கத் தக்கவரா என்பவற்றை நடுவர் விசாரிக்க வேண்டும். இதற்கு உதவ ஐவர் கொண்ட குழுவை அழைக்கலாம். அவருள் மூவர் பெண்களாக இருத்தல் வேண்டும். விசாரணை முடிவில் ஓராண்டுக்குக் குறையாமலும் மூன்றாண்டுக்கு மிகாமலும் காப்பகத்தில் வைக்க ஆணையிடலாம். ஏட்டில் இது அக்கறையுள்ள ஏற்பாடு. நடைமுறையில், விற்றவரே உறவினராக இருக்கும்போது வீட்டு விசாரணை எதனைக் கண்டறியும் என்னும் இடர் உண்டு. குற்றம் செய்யாதவர் மூன்றாண்டுவரை பூட்டிய கதவுக்குள் இருக்க வேண்டியிருப்பதும் உண்டு. அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, விபசாரத்தில் ஈடுபடுபவர் எனக் கருதப்படும் பெண்ணை ஓர் இடத்தைவிட்டே வெளியேற்ற நடுவருக்கு அதிகாரம் தந்தது. உச்ச நீதிமன்றமும் 1960களில் அதனை ஏற்றது. ஊரோடு சேர்க்கும் பிரிவும் ஊரைவிட்டு நீக்கும் பிரிவும் ஒரே சட்டத்தில் மூன்று எண் இடைவெளியில் நிற்கின்றன.

இதன் வேர் இன்னும் பழையது. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ்ப் பெண்கள் பதிவுசெய்யப்பட்டு, நோய் கண்டால் ‘லாக் ஆஸ்பத்திரி’ எனப்பட்ட பூட்டிய மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். படைவீரரின் உடல்நலமே நோக்கம். எதிர்ப்பின் விளைவாக 1888இல் அம்முறை கைவிடப்பட்டது. நூறாண்டு கழித்துச் சென்னையில் அதன் நிழல் மீண்டும் விழுந்தது.

1986இன் தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எய்ட்ஸ் நோய்க் கிருமி இந்தியாவில் உண்டா என அறிய முனைந்தனர். இரத்த மாதிரிகளுக்கு அவர்கள் சென்ற இடங்களுள் மயிலாப்பூரில் இருந்த அரசு விஜிலன்ஸ் இல்லமும் ஒன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியப் பொதுநல மருத்துவத்தின் பெருந்திருப்பம் அது. அவ்விருவரின் முயற்சி இல்லையேல் நாடு விழித்திருக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆயினும் எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. மறுவாழ்வுக்கென வைக்கப்பட்டிருந்தவர்கள், எளிதில் கிடைக்கும் ஆய்வுப்பொருளாயினர். காப்பகத்தின் கதவு பூட்டியிருந்ததே அதற்குக் காரணம்.

அடுத்த நிகழ்ச்சி 1990இல் நேர்ந்தது. பம்பாயின் விடுதிகளில் இருந்த தமிழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் மீட்கப்பட்டுத் தமிழ்நாட்டரசின் முயற்சியால் தொடர்வண்டியில் சென்னைக்கு அழைத்துவரப்பட்டனர். அவ்வண்டி ‘முக்தி எக்ஸ்பிரஸ்’ எனப் பெயர் பெற்றது. எல்லைக்கோட்டைத் தாண்டி ஓர் அரசு தன் பெண்களுக்குப் பொறுப்பேற்றது என்னும் வகையில் இது பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் வண்டிக்குப் பெயரிட்ட அன்றே அதில் வந்தவர் அனைவருக்கும் பெயரிட்டாயிற்று. செய்தித்தாள்கள் வந்தவர்களை ஊரறியச் செய்தன. காப்பகங்களில் இரத்தச் சோதனை நடந்தது. பலருக்குக் கிருமி இருப்பதாகத் தெரிந்ததும், ஊர் அஞ்சியது இருமடங்காயிற்று. தனித்தனியே, அரவமின்றி வந்திருந்தால் ஓரளவேனும் வீடு சேர்ந்திருக்கக்கூடியவர்க்கும் அந்த வண்டி வழியை அடைத்தது எனலாம்.

அக்காலத்திலேயே, கிருமி காணப்பட்டது என்னும் ஒரே காரணத்தால் விஜிலன்ஸ் இல்லத்தில் உரிய காலத்திற்கு மேலும் பெண்கள் தடுத்துவைக்கப்பட்டிருந்தனர். இதழாளராகிய சியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். 1990இல் நீதிமன்றம் அவர்களை விடுவிக்க ஆணையிட்டது. மீட்கப்பட்டவர்களை மீட்பிலிருந்து மீட்க வழக்குத் தொடர வேண்டியிருந்தது. மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். இருபதாம் நூற்றாண்டில் அறக்கோட்டம் சிறைக்கோட்டமாயிற்று.

ஊர்ப்பெயரே பெண்பெயராதல்

கேரளத்தில் 1996இல் நேர்ந்த வழக்கு ஒன்று இவ்வரலாற்றின் மற்றொரு முனையைக் காட்டுகின்றது. தமிழ்நாட்டு எல்லையை அடுத்த இடுக்கி மலைப்பகுதியைச் சேர்ந்த பள்ளி மாணவி கடத்தப்பட்டு, நாற்பது நாள்கள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பல இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தனிநீதிமன்றம் 2000இல் 35 பேரைத் தண்டித்தது. கொச்சியில் உள்ள கேரள உயர்நீதிமன்றம் 2005இல் ஒருவர் தவிர அனைவரையும் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2013இல் அத்தீர்ப்பை நீக்கி வழக்கை மீண்டும் கேட்கப் பணித்தது; 2014இல் உயர்நீதிமன்றம் பெரும்பாலோர் தண்டனையை உறுதிசெய்தது. பதினெட்டு ஆண்டுகள். வழக்குத் தொடங்கியபோது சிறுமியாக இருந்தவர் அது முடிந்தபோது முப்பது வயதைக் கடந்துவிட்டார்.

சட்டம் அவர் பெயரை மறைத்தது. 1983இல் சேர்க்கப்பட்ட 228-அ பிரிவு அதற்கு வழிசெய்திருந்தது. ஆனால் இதழ்கள் ஊர்ப்பெயரைக்கொண்டு வழக்கை அழைத்தன. பின்னர் அவரையே அவ்வூர்ப்பெயரால் அழைத்தன. கேரளத்தில் விதுரை, கிளிரூர், கவியூர் எனத் தொடர்ந்த வழக்குகள் யாவற்றிலும் இதுவே நிகழ்ந்தது. பெயரை மறைத்து ஊரைச் சொல்வது சிற்றூரைப் பொறுத்தவரை மறைப்பே அன்று. அக்குடும்பம் ஊர்விட்டு ஊர் மாற நேர்ந்தது. அரசுப்பணி கிடைத்தும் அப்பெயர் பின்தொடர்ந்தது. டச்சுக் கப்பல்களில் சென்ற பெண்களின் பெயரோடு ஒட்டிய ஊர்ப்பெயருக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு மிகுதியில்லை. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் வழங்கிய நிபுண் சக்சேனா தீர்ப்பு, பெயரை மட்டுமன்றி அடையாளம் காணத் துணைசெய்யும் எதனையும் வெளியிடலாகாது என விளக்கியது.

மறுவாழ்வுத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறை, கடத்தப்பட்டவரின் உடல், உள்ள, சமூக மீட்சியை அரசுகளின் கடமைகளுள் வைத்தது. இந்தியா 2011இல் அதனை உறுதிசெய்தது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2007இல் வந்தது. 2022இல் சக்தி இயக்கத்தின்கீழ்ச் சக்தி சதன் என மாறியது. கேரள அரசு 2012இல் நிர்பயா கொள்கையை வகுத்து இல்லங்களைத் தொடங்கியது. எண்ணிக்கையைக் கொண்டு இவற்றை அளப்பதே அறிக்கைகளின் வழக்கம். இல்லத்தைவிட்டு வெளியேறிய பெண் ஐந்தாண்டு கழித்து எங்கு, எந்தத் தொழிலில், எந்தப் பெயரில் இருக்கிறாள் என்பதே உண்மையான அளவுகோல். அதனைப் பின்தொடர்ந்து கேட்பதிலும் அவளை மீண்டும் அடையாளப்படுத்திவிடும் இடர் உண்டு என்பது வேறு.

இவ்வகையில், உச்ச நீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 2011இல் குழு அமைத்துத் தொடங்கி 2022 மே 19இல் பிறப்பித்த ஆணையின் ஒரு சிறு பகுதி, பெரிய திட்டங்களைக்காட்டிலும் கவனத்திற்குரியது. தாமாகத் தொழிலை விட விரும்புவோர்க்கு மறுவாழ்வும், விடாதோர்க்கு மதிப்புடன் வாழும் நிலையும் வேண்டும் என்பது குழுவிற்கு இடப்பட்ட பணி. முகவரிச் சான்று இல்லாததால் குடும்ப அட்டையோ வங்கிக் கணக்கோ பெற இயலாதிருந்த பெண்களுக்கு, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலர் தரும் சான்றிதழைக்கொண்டே ஆதார் அட்டை வழங்க வேண்டும் என நீதிமன்றம் கூறியது. அட்டை எண்ணிலோ பதிவிலோ அவர்தம் தொழிலைக் காட்டும் குறியீடு எதுவும் இருத்தல் கூடாது என்றும் சேர்த்தது.